நாளுக்கு 150 ரூபாயில் கீட்டோ: ஒரு திருப்பூர்க் கணக்கு

கேள்வி இது: "வயது 36, எடை 94 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.2 வந்திருக்கிறது. மருந்து ஆரம்பிக்கவில்லை, எடையைக் குறைத்துவிட்டு வரச் சொன்னார் டாக்டர். கீட்டோ இருக்கலாம் என்று வீடியோ பார்த்தால் பாதாம் மாவு, அவகாடோ, சீஸ், ஆலிவ் ஆயில் என்றே போகிறது. வீட்டில் நான்கு பேர், ரேஷன் அரிசிதான். என் ஒருவன் சாப்பாட்டுக்கு நாளுக்கு 150 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. நடக்கிற காரியமா?"

நடக்கும். கீட்டோ என்றால் மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பையும் புரதத்தையும் கொண்டு வயிற்றை நிரப்பும் சாப்பாட்டு முறை. அசைவம் சாப்பிடுபவர் என்றால் பெரிய சிரமம் இல்லை. முட்டையோடு நிறுத்திக்கொள்பவர் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். சுத்த சைவம் என்றால் 150 ரூபாயில் முழு கீட்டோ கஷ்டம்தான். அவர்களுக்குச் செய்யக்கூடியது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

பணக்கணக்குக்கு முன்னால் ஒன்று. நீங்கள் மருந்து எதுவும் எடுக்கவில்லை என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். இதைப் படிக்கும் வேறு யாராவது இன்சுலின் போட்டுக்கொண்டோ, கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டோ இருந்தால், சோற்றை நிறுத்திய அன்றே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இதைவிட மோசமானது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு கீட்டோ இருப்பது. கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் எல்லை மீறிப் போகலாம். சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாக இருக்கும்போதே இது வரும் என்பதால் வீட்டு மீட்டர் காட்டிக்கொடுக்காது. காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் இந்த மாத்திரைகளை நிறையப் பேருக்கு எழுதித் தருகிறார்கள். அதனால் வீட்டில் அப்பாவோ அம்மாவோ "நானும் உன்னோடு சேர்ந்துகொள்கிறேன்" என்றால், அவர்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் படித்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். முதல் வகை சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள் யாரும் இதைத் தானாக ஆரம்பிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இனி காசு.

கீட்டோவில் காசைத் தின்பது கறியும் முட்டையும் அல்ல, போலிகள். இட்லிக்குப் போலி, சப்பாத்திக்குப் போலி, கேக்குக்குப் போலி. பாதாம் மாவு, தேங்காய் மாவு, இசப்கோல் தவிடு, ஸ்டீவியா, மொசரெல்லா எல்லாம் எதற்கு? விட்டுவிட்ட பண்டத்தின் உருவத்தைத் திரும்பச் செய்து பார்க்கத்தான். மேற்கில் ரொட்டி இல்லாமல் தட்டே நிறையாது, அவர்களுக்குத் தேவைப்பட்டது. நம் தட்டில் சோற்றை எடுத்துவிட்டாலும் குழம்பு இருக்கிறது, வறுவல் இருக்கிறது, பொரியல் இருக்கிறது, கீரை மசியல் இருக்கிறது, மோர் இருக்கிறது. தொட்டுக்கொள்ள வைத்ததை வயிறாரச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். "சோற்றுக்குப் பதில் என்ன?" என்று தேட ஆரம்பிக்கும் இடத்தில்தான் பர்ஸ் கிழிகிறது.

இன்னொரு பெரிய ஓட்டை டீ. உங்கள் ஊரில் ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நாளுக்கு மூன்று, நான்கு டீ குடிப்பது சாதாரணம். கடை டீ ஒன்றில் சர்க்கரையும் பாலுமாகச் சேர்த்து 10, 12 கிராம் மாவுச்சத்து போய்விடும். கீட்டோவில் ஒரு நாளைக்கு மொத்தமே 20 முதல் 50 கிராம்தான் அனுமதி. மூன்று டீயிலேயே பாதிக்கு மேல் முடிந்தது. கூடவே ஒரு பன், ஒரு போண்டா. இதற்கு நாளுக்கு 50 ரூபாய் போகிறது என்று வையுங்கள், 26 வேலை நாளுக்கு மாதம் 1,300 ரூபாய். இந்தப் பணம்தான் உங்கள் முட்டைச் செலவு. பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் டீ கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. முதல் நான்கைந்து நாள் மாஸ்டர் ஒரு மாதிரி பார்ப்பார், பிறகு கேட்காமலே போட்டுக் கொடுப்பார்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? இதிலும் வீடியோக்கள் வீண் செலவு வைக்கின்றன. கீட்டோ முறை 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற டாக்டர் வலிப்பு நோய்க்காக முன்வைத்தது. அந்தச் சிகிச்சையில் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் கொழுப்பு நான்கு பங்கு. நிறுத்துப் போட்டுத்தான் கொடுப்பார்கள். வலிப்பை அடக்க ரத்தத்தில் கீட்டோன் உயர்ந்தே இருக்க வேண்டும், அதனால் அந்தக் கறார். உங்களுக்கு அது தேவையில்லை. 94 கிலோ எடையில் கொழுப்பு ஏற்கெனவே இடுப்பில் சேமிப்பாக இருக்கிறது, அதைச் செலவழிக்கத்தான் இவ்வளவு பாடும். காபியில் 30 கிராம் வெண்ணெயைக் கரைத்துக் குடித்தால் உடம்பு அந்த வெண்ணெயைத்தான் முதலில் எரிக்கும். 20 ரூபாயும் போச்சு, இறங்க வேண்டிய எடையும் நின்றது. மாவுச்சத்து 25, 30 கிராம், புரதம் 70, 80 கிராம், பசி அடங்கும் அளவுக்குக் கொழுப்பு. உங்களுக்குக் கணக்கு இவ்வளவு போதும்.

நீங்கள் இருக்கும் இடம் இதற்கு வாகான இடம். நாமக்கல் முட்டை ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துப் பல்லடத்தில்தான் கறிக்கோழிப் பண்ணை விலையே தினமும் நிர்ணயிக்கப்படுகிறது. முட்டை விலையும் கோழி விலையும் பேப்பரில் தினமும் வரும். ஒரு வாரம் கவனித்தால் கடைக்காரர் எவ்வளவு வைத்து விற்கிறார் என்பது பிடிபடும். சில்லறையில் முட்டை 6, 7 ரூபாய். தட்டோடு 30 முட்டையாக எடுத்தால் ஒன்றுக்கு அரை ரூபாயாவது குறையும். ஒரு முட்டையில் ஆறு கிராமுக்கு மேல் புரதம், ஐந்து கிராம் கொழுப்பு, மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. ஒரு ரூபாய்க்கு ஒரு கிராம் தரமான புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலையில் கட்டுப்படியாகும் அசைவம் வேறு அதிகம் இல்லை.

கோழிக்கடையில் "தோலோடு போடுங்க" என்று சொல்லுங்கள். தோல் உரித்த கறியைவிடக் கிலோவுக்கு இருபது ரூபாய் அளவு குறையும், கூடவே கொழுப்பும் வந்துவிடும். வீட்டில் தோலைத் தனியாக உரித்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எண்ணெயே ஊற்றாமல் இரும்புச் சட்டியில் போட்டு, மஞ்சளும் உப்பும் தூவி, அடுப்பைச் சிம்மில் வையுங்கள். முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு சட்டியில் ஒட்டும், விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தண்ணீர் வற்றி நெய் போலக் கொழுப்பு பிரியும், தோல் தானாகச் சட்டியை விட்டுக் கழன்று அப்பளம் போல மொறுமொறுவென்று நிற்கும். தோலை அப்படியே கொறிக்கலாம். சட்டியில் நிற்கும் கொழுப்பில் மறுநாள் முட்டைகோஸ் வதக்கிப் பாருங்கள். எந்த ஆலிவ் ஆயிலும் அந்த மணத்தைத் தராது.

உங்கள் பக்கத்துப் பள்ளிபாளையம் சிக்கன் யாரும் திட்டம் போடாமலே கீட்டோவாக அமைந்துவிட்ட பண்டம். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல்லு, எண்ணெய், கோழி. மாவு இல்லை, கான்ஃபிளவர் இல்லை. வெங்காயத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தள்ளுவண்டிச் சில்லி சிக்கன் பக்கம் போகாதீர்கள். அதன் மேல் பூச்சு முழுக்க மாவு, எண்ணெய் எத்தனையாவது முறை காய்ந்ததோ தெரியாது.

கோழி ஈரல் கறியைவிட மலிவு. வாரம் ஒருமுறை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிடுங்கள். இரும்பு, பி12, வைட்டமின் ஏ எல்லாம் அதில் கொட்டிக் கிடக்கின்றன. வைட்டமின் ஏ அளவுக்கு மீறக் கூடாது என்பதால் தினமும் வேண்டாம். யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கிய அனுபவம் இருந்தால் ஈரலையும் குடலையும் தள்ளியே வையுங்கள். சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மாட்டுக்கறியும் வெண்பன்றிக் கறியும் ஆட்டுக்கறியில் பாதி விலைக்குள் கிடைக்கும். வெண்பன்றி கொங்குப் பக்கம் கிடைப்பதுபோல் மற்ற ஊர்களில் சுலபமாகக் கிடைக்காது. அதன் கொழுப்பையும் உருக்கிச் சமைக்கலாம். ஆட்டுக்கறியைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்தான் உங்கள் ஊரில் யோசித்து வாங்க வேண்டியது. கடல் மீன் தூரத்திலிருந்து ஐஸில் வருகிறது. வஞ்சிரம், வவ்வால் பக்கம் திரும்பவே வேண்டாம். மத்தி கிடைத்தால் அள்ளிக்கொள்ளுங்கள், கொழுப்பு நிறைந்த மீன், அதுவும் ஒமேகா-3 கொழுப்பு. தென்னம்பாளையம் மீன் மார்க்கெட்டில் மத்தி வந்திருந்தால் வயிறு உடைந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். மத்தி சீக்கிரம் கெடும். இல்லையென்றால் அணையில் பிடிக்கும் ஜிலேபி மீன் போதும். அதில் கொழுப்பு குறைவு, அதனால் எண்ணெய் தாராளமாக விட்டு வறுத்துக்கொள்ளலாம்.

காலண்டரையும் பார்த்து வாங்குங்கள். புரட்டாசியில் பாதி ஊர் அசைவத்தை விட்டுவிடும், கோழி விலையும் முட்டை விலையும் சரியும். ஃப்ரீஸர் இருந்தால் அந்த மாதம் கறியை அரைக்கிலோ பொட்டலங்களாகக் கட்டி வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது கடல் மீன் விலை ஏறும், முட்டையோடு காலத்தை ஓட்டுங்கள்.

எண்ணெய்க்கு வருவோம். ஊத்துக்குளி வெண்ணெய் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று கை பரபரக்கும். நல்ல வெண்ணெய்தான், ஆனால் 150 ரூபாய்த் திட்டத்தில் அது வாரத்துக்கு ஒரு முறை முட்டை பொரிக்க மட்டும். காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் மலிவாக இருந்த காலமும் போய்விட்டது. 2025-ல் கொப்பரை விலை ஏறியபின் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. எண்ணெயாக வாங்குவதைவிடத் தேங்காயாக வாங்கித் துருவிப் பொரியலில் போடுங்கள்: 100 கிராம் தேங்காயில் 33 கிராம் கொழுப்பு, நார் போக ஆறு கிராம் மாவுச்சத்து. தினசரிச் சமையலுக்குச் சாதாரணக் கடலை எண்ணெய் போதும். மரச்செக்குதான் வேண்டும் என்று இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை, கீட்டோவுக்கும் மரச்செக்குக்கும் சம்பந்தமே கிடையாது.

ரேஷனில் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது விஷம் இல்லை. அதன் கொழுப்பில் பாதி நிறைவுற்றது, அதுதான் விஷயம். முட்டை, கோழித்தோல், தேங்காய் என்று ஏற்கெனவே நிறைவுற்ற கொழுப்பு கூடிக்கொண்டே போகும் தட்டில் பாமாயிலையும் சேர்த்தால் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏற வாய்ப்பு அதிகம். மாதக் கடைசியில் கை கடித்தால் பயன்படுத்துங்கள், முழு மாதத்துக்கும் அதையே நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் பேலியோ என்ற கற்கால உணவு முறை பரவியபோது காலையில் 100 பாதாம் என்பது ஒரு மந்திரம் போல ஆகிவிட்டது. 100 பாதாம் என்றால் 110, 120 கிராம். இன்றைய விலையில் அதுவே 100 ரூபாயை ஒட்டி வரும். உங்கள் பட்ஜெட்டில் மூன்றில் இரண்டு பங்கு காலை ஒன்பது மணிக்கே காலி. நிலக்கடலையைப் பேலியோக்காரர்கள் பயறு வகை என்று ஒதுக்குவார்கள். கற்கால மனிதன் தின்றானா என்ற கேள்வி அவர்களுக்கு முக்கியம், உங்களுக்கு மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் முக்கியம். 100 கிராம் கடலையில் 26 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு, நார் போக எட்டு கிராம் அளவு மாவுச்சத்து. பாதாமில் புரதம் இதைவிடக் குறைவு, மாவுச்சத்து ஏறக்குறைய இதேதான். கடலை விலையோ பாதாம் விலையில் ஆறில் ஒரு பங்கு. நாளுக்கு ஒரு கைப்பிடி, 40 கிராம், வறுத்தோ அவித்தோ. கருத்ததும் சுருங்கியதும் பூஞ்சை வாசம் அடிப்பதும் பொறுக்கி எறியுங்கள். மசாலாக் கடலை வேண்டாம், அதன் மேல் இருப்பது கடலை மாவு. கைப்பிடி என்றால் கைப்பிடிதான். டிவி முன்னால் பொட்டலத்தோடு உட்கார்ந்தால் கால் கிலோ போவது தெரியாது.

காய்கறி இந்தத் திட்டத்தில் பிரச்சினையே இல்லை. மண்ணுக்கு மேல் விளைவது பெரும்பாலும் சரி: முட்டைகோஸ், காலிஃபிளவர், கத்தரி, வெண்டை, சுரை, புடலை, பீர்க்கு, பாகல், வெள்ளைப் பூசணி, சௌசௌ, வெள்ளரி. மண்ணுக்குக் கீழே முள்ளங்கி மட்டும். உருளை, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பீட்ரூட், வாழைக்காய், பட்டாணி கூடாது. உழவர் சந்தையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் விலையைக் குறைத்துத் தருவார்கள். மூலனூர்ப் பக்கம் முருங்கை விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு கீரைக்குக் காசு கொடுப்பதே பாவம். தெருவில் யார் வீட்டிலாவது மரம் இருக்கும், கேளுங்கள். முருங்கைக்கீரையும் முட்டையும் சேர்த்துப் பொரித்து, தேங்காய் தூவி ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டால் மதியம் முடிந்தது.

இனி ஒரு நாள் கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும், உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்று முட்டை ஆம்லெட்: 20 ரூபாய். பத்தரை மணி டீக்குப் பதில் உப்பு போட்ட மோர், மதியத்துக்கும் சேர்த்து 100 கிராம் தயிர்: 8 ரூபாய். மதியம் டிபன் பாக்ஸில் கால் கிலோ முட்டைகோஸ் அல்லது சுரைக்காய்ப் பொரியல், தேங்காய் தூவி, மேலே ஒரு அவித்த முட்டை: எல்லாம் சேர்த்து 30 ரூபாய். சாயங்காலம் கடலை 40 கிராம்: 6 ரூபாய். ராத்திரி தோலோடு 200 கிராம் கோழி வறுவல், அரைக் கட்டுக் கீரை: 60 ரூபாய். நாள் முழுதுக்கும் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் 10 ரூபாய், வெங்காயம், தக்காளி, மசாலா 10 ரூபாய். கூட்டினால் 144. புரதம் 70 கிராமை ஒட்டி, மாவுச்சத்து 30 கிராமுக்குள், மொத்தம் 1,400, 1,500 கலோரி. கோழிக்குப் பதில் மத்தி கிடைத்த நாளில் 130-க்கு இறங்கும். ஈரல் நாளில் இன்னும் குறையும். மிச்சம் பிடித்ததை ஒரு நாள் பன்னீருக்கோ வெண்பன்றிக்கோ வையுங்கள்.

ரேஷன் அரிசிச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் இது செலவு அதிகம்தான், அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. 2011 முதல் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், இலவசத்தை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். கடைத்தீனியும் டீயும் நின்றதில் மிச்சமாவதுதான் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும்.

வீட்டில் இரண்டு சமையல் நடந்தால் பத்து நாளில் யாருக்காவது கோபம் வரும். அதனால் எல்லோருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல். அவர்களுக்குச் சோறு, உங்களுக்குப் பொரியல் இரண்டு மடங்கு. சாம்பார் நாளில் மட்டும் கவனம் வேண்டும், துவரம் பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். மேலே தெளிந்ததை ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள், அடியில் கலக்காதீர்கள். ரசத்தில் தடையில்லை.

முதல் வாரம் தலைவலி, கால் பிடிப்பு, எழுந்தால் கிறுகிறுப்பு வரும். நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டுத்தான் "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விடுகிறார்கள். மாவுச்சத்து குறைந்ததும் உடம்பு தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிறது, அதன் விளைவு இது. ரத்தக் கொதிப்போ இதய, சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர் வழக்கமான சமையல் உப்புக்கு மேல் அரை டீஸ்பூன் உப்பை மோரிலோ எலும்பு சூப்பிலோ சேர்த்துக் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிக் குடிக்காதீர்கள், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் அதில் உண்டு. இளநீரும் இனிப்புதான். அதே முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் குதிக்க வேண்டாம், பெரும்பகுதி தண்ணீர். அதற்குப் பிறகு வாரம் அரைக்கிலோ இறங்கினாலே நல்ல ஓட்டம்.

சைவர்களுக்கு. முட்டை சேர்த்தால் மேலே சொன்ன கணக்கில் கோழிக்குப் பதில் மீல்மேக்கர். உலர்ந்த நிலையில் 30 கிராமில் 15 கிராம் புரதம், நார் போக ஆறு கிராம் மாவுச்சத்து, விலை ஐந்தாறு ரூபாய். வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு மிளகு வறுவல் செய்தால் அந்த வாடை போகும். முட்டையும் இல்லையென்றால் பன்னீரைத்தான் நம்ப வேண்டும். வீட்டிலேயே திரியுங்கள்: ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், ஒரு லிட்டருக்கு 200 கிராம் அளவு பன்னீர் நிற்கும். பிழிந்த தண்ணீரில் வீட்டாருக்குச் சப்பாத்தி மாவு பிசையலாம்; பாலின் சர்க்கரை அதில்தான் போகிறது என்பதால் உங்களுக்கு ஆகாது. கடையில் மலிவாக உதிரிப் பன்னீர் கிடைத்தால் ஒரு துண்டை வேகவைத்து, ஆறியதும் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலமானால் உள்ளே மாவு. பன்னீர், கடலை, மீல்மேக்கர், தயிர் நான்கையும் வைத்து மாவுச்சத்தை 60, 70 கிராமில் நிறுத்தலாம். அதை கீட்டோ என்று சொல்ல முடியாது, பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது.

வாங்கவே வேண்டாதவை: சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை, எம்சிடி ஆயில் (தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் கொழுப்பு), கீட்டோ என்று அச்சடித்த எந்த பிஸ்கட்டும், கொழுப்பைக் கரைக்கும் பொடிகளும். பட்டை நிறம் மாறுவதைப் பார்த்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. வீட்டில் இஞ்ச் டேப் இருக்கும், பனியன் ஊர்தானே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொப்புளுக்கு நேராக இடுப்பை அளந்து எழுதி வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்து: 6.2 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, அந்த இடத்தில் முழு கீட்டோ கட்டாயமில்லை. நம் நாட்டில் சாப்பாட்டின் சக்தியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது, அதைக் கணிசமாக வெட்டினாலே உடம்பு கேட்கும். இரண்டு மாதம் கீட்டோ இருந்து பார்த்துவிட்டுப் பணமோ மனமோ இழுபறியானால், மதியம் மட்டும் ஒரு கிண்ணம் சோறு, 150 கிராம், எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 42 கிராம் மாவுச்சத்து வரும். மற்ற இரண்டு வேளையும் இதே முட்டை, கறி, காய். செலவு 110, 120 ரூபாயில் அடங்கும், வருஷக்கணக்கில் தாங்கவும் முடியும். கூடவே கூடாத கலவை ஒன்று உண்டு: வார நாள் முழுக்க வெண்ணெயும் தோலும், சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பரோட்டா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. கொழுப்பும் மாவும் சேர்ந்தே உள்ளே போனால் எடை ஏறத்தான் செய்யும்.

ஆரம்பிக்கும் முன் ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனையும் எச்பிஏ1சியும் எடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் எடுத்தால் செலவில்லை, ஒரு நாள் காலை வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இறங்கியிருக்கும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் எல்டிஎல் வரியைப் பாருங்கள். சிலருக்கு அது நன்றாகவே ஏறும், "கீட்டோவில் ஏறினால் பரவாயில்லை" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஏறியிருந்தால் கோழித்தோல், தேங்காய், பாமாயில், வெண்ணெய் நான்கையும் நிறுத்திவிட்டுக் கடலை எண்ணெய், மீன், தோலில்லாத கறி, கீரை என்று மாறி ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால், அல்லது எந்த ரிப்போர்ட்டிலாவது எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால், கீட்டோவை நிறுத்திவிட்டு இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள்.